படிப்பு முடிந்த கையோடு தங்கை வெளிநாடு பார்க்கப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

அம்பைக் கடைக்காரன் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் அப்பா காலத்திலிருந்து பலசரக்குக் கடை, இப்போது நான்தான் பார்க்கிறேன். தங்கை பாளையங்கோட்டையில் கல்லூரி கடைசி வருடம். சென்னையில் ஒரு வேலை உறுதியாகிவிட்டது, சேர்வதற்கு நடுவே சில மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் கூடப் படிக்கிற தோழியோடு இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போய் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் வைத்திருக்கிறாள், மீதி நான் தர வேண்டும். எழுபதாயிரத்துக்குள் முடியும் என்று ஒரு நோட்டில் பஸ் காசு வரை கணக்கு எழுதிக் காட்டினாள்.

அம்மா கேட்ட உடனே வேண்டாம் என்றுவிட்டாள், கல்யாணம் ஆகி மாப்பிள்ளையோடு போகட்டும் என்கிறாள். அப்பா வாயே திறக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் வெளிநாடு போனவர்கள் நிறைய உண்டு, ஆனால் அத்தனை பேரும் வேலைக்குப் போனவர்கள், சும்மா பார்க்கப் போனேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அதனால் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. சின்ன வயதில் வெளிநாடு பார்த்து வந்தவர்கள், உண்மையிலேயே உங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லுங்கள். வேண்டாம் என்கிறவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நாங்குநேரி வாத்தியார்

தம்பி, நான் வேண்டாம் என்கிற பக்கம். உங்கள் தங்கை மேல் குறை சொல்லவில்லை, கணக்கு எழுதிக் காட்டுகிற பிள்ளை பொறுப்பான பிள்ளைதான். ஆனால் எழுபதாயிரம் என்பது ஒரு பலசரக்குக் கடையில் எத்தனை நாள் நின்று சம்பாதிக்கிற பணம் என்று உங்களுக்குத் தெரியும். வேலையில் சேரட்டும், ஒரு வருடம் சம்பாதிக்கட்டும், தன் காசில் போகட்டும். அப்போது யாரும் கேட்க முடியாது.

இன்னொன்று. நம் பிள்ளைகளுக்கு நம் ஊரே தெரியாது. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக்குத் தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள், பாளையங்கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? வகுப்பில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொற்கைக்கு யாராவது போனார்களா? கழுகுமலை வெட்டுவான் கோயில்? இதையெல்லாம் பார்க்காமல் கோலாலம்பூரில் உயரமான கட்டடம் முன்னால் நின்று என்ன புரிந்துவிடும்? பார்க்கிறதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் போகிறவர்கள் கடையும் ஓட்டலும்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

தம்மாம் ரிட்டர்ன்

வாத்தியார் அய்யா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்தக் கேள்விக்கு நான் எழுதாமல் இருக்க முடியாது.

நான் பத்தொன்பது வயதில் சவுதிக்குப் போனவன். பத்தாம் வகுப்பு தேறவில்லை, அதனால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட். மாமா பையன் விசா ஏற்பாடு செய்தான், கடன் வாங்கிக் கொடுத்தேன். இறங்கிய அன்றே கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வாங்கி வைப்பது அந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு என்பது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். ரூமு, சைட்டு, திரும்ப ரூமு. வெள்ளிக்கிழமை துணி துவைப்பு, சமையல், வீட்டுக்குப் போன். என் இளமை முழுக்க வெளிநாட்டில்தான் போனது, ஆனால் வெளிநாடு பார்த்தவன் என்று என்னைச் சொல்ல மாட்டேன்.

தம்மாமுக்குப் பக்கத்தில் அல் கோபார். அங்கிருந்து கடலுக்கு மேலே பஹ்ரைனுக்கு ஒரு பாலம் போகிறது, 25 கிலோமீட்டர், 1986-ல் திறந்தது. கடற்கரையில் நின்றால் வண்டிகள் போவது தெரியும். அந்தப் பக்கம் போய்விட்டு வர எனக்கு ஆசை. நான் இருந்த காலத்தில் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப முதலாளி சம்மதித்து எக்ஸிட் ரீ-என்ட்ரி போட்டுத் தர வேண்டும். சுற்றிப் பார்க்கிறதற்கு எவன் போட்டுத் தருவான்? ஒரு மணி நேர தூரத்தில் இருந்த நாட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஊருக்கு வந்துவிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வெளிநாடு என்பது பெரும்பாலும் யாரோ ஒருத்தன் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற வெளிநாடாகத்தான் இருக்கிறது. விமான நிலையத்தில் கவுண்டரில் என்ன கேட்பார்கள், எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, எதற்கு முடியாது என்று சொல்லலாம், ஒன்றும் தெரியாது. பயந்துகொண்டே கையெழுத்துப் போடுகிறோம். எங்களோடு இருந்த பையன்களில் முன்னாலேயே ஒன்றிரண்டு ஊர் சுற்றிப் பார்த்தவன் ஒருத்தன் இருந்தான். அவன் மட்டும்தான் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு ஓவர்டைம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவனுக்குக் கொடுத்தார்கள், எங்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

உங்கள் தங்கை முதல் தடவை தனக்குத் தானே முதலாளியாகப் போகட்டும் தம்பி. நாளைக்கு வேலைக்கென்று எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பிள்ளை என்னை மாதிரி நிற்காது.

கடையநல்லூர் பேரன்

தம்மாம் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே எங்கள் வாப்பாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

எங்கள் ஊரில் சிங்கப்பூர் தொடர்பு இல்லாத தெரு கிடையாது. எங்கள் அப்பாவும் (வாப்பாவின் வாப்பாவைத்தான் நாங்கள் அப்பா என்போம்) அங்கே இருந்தவர். நான் மட்டும் வேலைக்கு இல்லாமல், படிப்பு முடித்த வருடம் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு ஊர் பார்க்கப் போனேன். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது. அங்கே ஹாக்கர் சென்டர் என்று ஒரே கூரைக்கு அடியில் எளிய சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும், தள்ளுவண்டியில் விற்றவர்களைக் கொண்டுவந்து இடம் கொடுத்து அரசாங்கம் கட்டியது, 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்த்தார்கள். நான் போனபோது ஒவ்வொரு கடை முன்னாலும் சுத்தத்துக்கு ஏ, பி என்று அரசாங்கமே தரம் போட்டு ஒட்டியிருந்தது. சீனக் கடைக்குப் பக்கத்தில் மலாய்க் கடை, அதற்குப் பக்கத்தில் நம் ஆள் கடை, எல்லாருக்கும் ஒரே விதி. சாப்பிட வருகிறவன் தரத்தைப் பார்த்துவிட்டு உட்காருகிறான்.

ஊருக்கு வந்து பரோட்டாக் கடை போட்டபோது அடுப்பையும் மாவுப் பலகையையும் பின்னால் ஒளிக்காமல் முன்னால் கண்ணாடிக்குள் வைத்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் தனித் தண்ணீர்த் தொட்டி. வாப்பா வீண் செலவு என்றார், இன்றைக்குக் குடும்பத்தோடு பெண்கள் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற கடை எங்கள் தெருவில் அதுதான். கடை போட்டுப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்திருந்தால் இடித்துக் கட்டவா போகிறேன்? நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். எதையும் இன்னும் கட்டி முடிக்காத வயதில் பார்த்ததால்தான் அது கையில் வந்தது.

பொதிகைச்சாரல்

அம்பை அண்ணா, நான் இப்போது லண்டனில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, உங்கள் கடையில் எங்கள் ஆச்சி சாமான் வாங்கியிருக்கவும் கூடும்.

வயது வரம்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சம்பாதித்த பிறகு போகலாம் என்று வாத்தியார் அய்யா சொல்வது சுற்றுலாவுக்குச் சரி. ஆனால் சில கதவுகள் 30 வயது முடிந்தால் மூடிவிடும், அது நம் ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியவே தெரியாது. நான் வந்திருப்பது இந்தியா யங் புரொபஷனல்ஸ் திட்டத்தில். 18 முதல் 30 வயது வரை, ஒரு பட்டம் இருக்க வேண்டும், கணக்கில் 2,530 பவுண்ட் சேமிப்புக் காட்ட வேண்டும். இலவசக் குலுக்கலில் பெயர் போடலாம், வருடத்துக்கு 3,000 இடம். விழுந்தால் இரண்டு வருடம் வரை பிரிட்டனில் தங்கலாம், வேலை பார்க்கலாம், எந்த முதலாளியின் பெயரும் விசாவில் கிடையாது. விசாக் கட்டணமும் மருத்துவத்துக்கென்று தனிக் கட்டணமும் உண்டு, அது பெரிய தொகை, அதை மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவும் 2024-ல் இந்தியர்களுக்கு இதே மாதிரி வொர்க் அண்ட் ஹாலிடே விசா திறந்தது, அதுவும் 18 முதல் 30, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கலில் சேர 25 ஆஸ்திரேலிய டாலர், பன்னிரண்டு மாதம் இருக்கலாம். ஐரோப்பா ரயில் பாஸில் 27 வயது வரை தள்ளுபடி. கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தால் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் அரசாங்கச் செலவிலேயே வெளிநாடு அனுப்புகிறார்கள். இவை எல்லாமே சின்ன வயதுக்காரர்களுக்கு என்றே வைத்திருப்பவை. நாற்பது வயதில் கையில் காசு இருக்கும், இவற்றில் ஒன்றும் இருக்காது.

ஆனால் எனக்கு இந்தக் குலுக்கலில் பெயர் போடத் தைரியம் வந்ததே கல்லூரி முடித்ததும் தோழிகளோடு நேபாளம் போனதால்தான். நேபாளத்துக்கு நமக்கு விசா கிடையாது, தரை வழியாகப் போனால் வாக்காளர் அட்டை போதும், ரயிலில் கோரக்பூர் வரை போய் அங்கிருந்து சுனௌலி எல்லைக்குப் பஸ் பிடித்தோம். அதற்கு முன்னால் நான் ஆங்கிலத்தில் நான்கு பேர் நடுவில் பேச மாட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய நோய், மார்க் எல்லாம் எடுப்போம், சென்னைக்காரன் முன்னால் வாய் வராது. காத்மாண்டுவில் விடுதி நடத்துகிற அம்மா, கொரியாவில் இருந்து வந்த பெண், இஸ்ரேல் பையன், ஒருத்தருக்கும் ஆங்கிலம் ஒழுங்காக வராது, ஒருத்தருக்கும் அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. இலக்கணம் தப்பாகப் பேசியே டிக்கெட் வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பயம் திரும்பி வரவே இல்லை. உங்கள் தங்கை சென்னையில் வேலைக்குச் சேரப்போகிறாள் என்கிறீர்கள். இது மட்டுமே அந்த எழுபதாயிரத்துக்குச் சரியாகிவிடும், எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் இதைக் கொடுக்காது.

நாங்குநேரி வாத்தியார்

//வருடத்துக்கு 3,000 இடம்// இது எனக்குப் புதிது, சொன்னதற்கு நன்றி அம்மா. தம்மாம் அண்ணாச்சி எழுதியதும் மனதை என்னவோ செய்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இங்கே எழுதுகிற எல்லாரும் நன்றாக வந்தவர்கள். போய்விட்டு வந்து ஒன்றும் மாறாதவர்கள் இழையில் வந்து எழுத மாட்டார்கள். என் அக்கா மகன் நண்பர்களோடு தாய்லாந்து போனான், கடன் அட்டையில் தவணை போட்டுப் போனான், வந்து இரண்டு வருடமாகத் தவணைதான் கட்டுகிறான். அங்கே என்ன பார்த்தாய் என்றால் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

தம்மாம் ரிட்டர்ன்

கடன் வாங்கிச் சுற்றுலா போகக் கூடாது, இதில் வாத்தியார் பக்கம்தான் நானும். ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லாமல் போகிற ஊராகப் பார்த்துப் போக வேண்டும். இலங்கைக்கே காசு போதும் என்றால் இலங்கையோடு நிற்கட்டும்.

ஹட்டன் பேத்தி

இலங்கை என்றதும் உள்ளே வந்தேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம் கிராமம். ஆனால் அம்மா பிறந்தது இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தாத்தாவின் தாத்தா காலத்தில் பஞ்சத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி கூட்டிக்கொண்டு போனது. 1948-ல் சுதந்திரம் வந்த கையோடு அந்த நாட்டில் இவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள், 1964-ல் அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அம்மாவைச் சின்னப் பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். தாத்தாவின் தம்பி வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டார். அவ்வளவுதான், குடும்பம் இரண்டாகிவிட்டது. கொஞ்ச காலம் கடிதம், அப்புறம் அதுவும் இல்லை.

நான் கல்லூரி முடித்ததும் அம்மாவிடம் கேட்டுத் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மாஞ்சோலையில் தேயிலை பார்த்திருக்கிறேன், அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, மலைக்கு மலை தேயிலை, நடுவே கோயில் கோபுரம், தமிழில் பெயர்ப்பலகை. அது ஒரு எஸ்டேட் கிடையாது, அது ஒரு நாடு. ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கி வழி கேட்டேன், நான் பேசிய பேச்சை வைத்தே ஒரு பாட்டி "இந்தியாவா, எந்த ஊர்?" என்று கேட்டு, பேரனை அனுப்பி லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்.

தாத்தாவின் தம்பி இறந்துபோயிருந்தார். அவருடைய மகள், எனக்குச் சித்தி முறை, கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி, வெள்ளைக்காரன் கட்டியதுதான், இன்னும் அதில்தான். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு, குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். சித்தியின் பையன் என் வயது, என்னை மாதிரியே கணிதம் எடுத்துப் படித்தவன், கொழும்பில் துணிக்கடையில் வேலை. அந்த ஒப்பந்தத்தில் எங்கள் தாத்தா இந்தப் பக்கம் பெயர் கொடுத்தார், அவன் தாத்தா கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். அன்றைக்கு ராத்திரி குளிரில் அவனோடு பேசிக்கொண்டு இருந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று நேராகிவிட்டது. அதுவரைக்கும் எனக்கு என் ஊர் மேல் ஒரு சலிப்பு, கரிசல் காடு, தண்ணீர் இல்லை, வாய்ப்பு இல்லை என்று. என் கையில் இருந்த பஸ் பாஸ், அரசுக் கல்லூரி, உதவித்தொகை எல்லாம் என்ன என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. இப்போது நான் தொழிலாளர் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்பை அங்கே இருந்து வந்த வாரம்தான் தேர்ந்தெடுத்தேன். நாற்பது வயதில் போயிருந்தால் அழுதிருப்பேன், பணம் கொடுத்திருப்பேன், படிப்பை மாற்றியிருக்க முடியுமா?

வாத்தியார் அய்யாவுக்கு ஒன்று. ஆதிச்சநல்லூர் பார்க்க வேண்டும் என்றீர்கள், நிச்சயம் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே 1876-ல் முதலில் தோண்டிய ஜாகர் என்ற ஜெர்மானியர் எடுத்ததையெல்லாம் பெர்லினுக்கல்லவா கொண்டுபோனார். நம் ஊர்க் கதையில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது அய்யா. தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விடத்தான் வ.உ.சி. 1906-ல் கம்பெனியே தொடங்கினார். இலங்கை பார்க்காமல் திருநெல்வேலிச் சீமை வரலாறு முழுசாக எப்படித் தெரியும்?

அம்பைக் கடைக்காரன்

ஹட்டன் பேத்தி எழுதியதைத் தங்கை சத்தமாக வாசித்தாள், அம்மாவும் அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் ஆச்சியின் அண்ணன் ஒருத்தர் கொழும்பில் கடை வைத்திருந்தார் என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். இத்தனை நாள் எங்களுக்கு அது தெரியாது.

இப்போது அம்மாவுக்கு இருக்கிற பயம் ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள் தனியாகப் போய் ஏதாவது ஆகிவிட்டால்? அதை நான் எப்படிச் சொல்லி ஆற்றுவது?

வள்ளியூர் அம்மா

தம்பி, நானும் என் மகளை அனுப்பியவள்தான், அதனால் உங்கள் அம்மாவுக்கு நேரடியாகவே எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

மைனி, பயம் போகாது. எனக்கும் போகவில்லை, மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற வரை போகவில்லை. ஆனால் நான் ஒன்று யோசித்தேன். இந்தப் பிள்ளை நாளைக்குச் சென்னையில் தனியாக இருக்கப் போகிறது, ராத்திரி ஷிப்ட் முடிந்து வரப் போகிறது. அதற்கு நாம் சரி என்று சொல்லிவிட்டோம், சம்பளம் வருகிறது என்பதால். அப்படியானால் நமக்குப் பயம் தனியாக இருப்பதைப் பற்றியா, செலவைப் பற்றியா? என் மகளிடம் சில விஷயம் கேட்டு வாங்கிக்கொண்டேன். தங்குகிற இடத்தின் முகவரியும் போன் நம்பரும் கிளம்புவதற்கு முன்பே என் கையில் இருக்க வேண்டும், பெண்களுக்கு மட்டும் என்று தனி அறை உள்ள விடுதியாக இருக்க வேண்டும், புது ஊரில் இருட்டுவதற்கு முன்னால் போய் இறங்குகிற மாதிரிதான் டிக்கெட் போட வேண்டும், தினமும் ராத்திரி ஒரு வார்த்தை பேச வேண்டும். அந்த ஊர் இந்தியத் தூதரகத்தின் நம்பரை நானே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள், அப்படியே நடந்தும் கொண்டாள்.

வந்த பிறகு ஒரு மாற்றம் பார்த்தேன். முன்னால் கரண்ட் ஆபீசுக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றாலும் அப்பா வரட்டும் என்பாள். இப்போது அவளே போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.

மேலப்பாளையம் டிக்கெட் கடை

எல்லாரும் மனதுக்கு எழுதிவிட்டீர்கள், நான் வேலைக்கு எழுதுகிறேன். பாஸ்போர்ட் இருக்கிறதா முதலில்? இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும், திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள், அதைக் காட்டினால் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்டாக வரும், தம்மாம் அண்ணாச்சி பட்ட சிரமம் வராது. தோழியுடையது பழைய பாஸ்போர்ட் என்றால் பயணத் தேதியில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா பார்க்க வேண்டும்.

இலங்கைக்குக் கிளம்பும் முன்னாலேயே ஆன்லைனில் ஈ.டி.ஏ. என்கிற பயண அனுமதி எடுத்துவிடுவது நல்லது. கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே போலித் தளங்கள் வந்து நிற்கும், அதிகமாகப் பிடுங்குவார்கள், பார்த்துப் போடுங்கள். மலேசியா 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது, ஆனால் போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பியாக வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுகிற அன்றைக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு மதுரையில் இருந்து நேரடி விமானம் உண்டு, கோலாலம்பூருக்குத் திருச்சியில் இருந்து. தூத்துக்குடி வாகைக்குளத்தில் இருந்து உள்நாட்டு விமானம்தான். பயணக் காப்பீடு எடுக்காமல் அனுப்பாதீர்கள், சின்ன வயதுக்காரர்களுக்கு அது அதிகச் செலவு கிடையாது.

பணத்தைப் பற்றி ஒன்று. வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயில் எடுக்கவா, அந்த நாட்டுப் பணத்தில் எடுக்கவா என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் பிள்ளைகள் அதைத்தான் அழுத்துவார்கள். அழுத்தக் கூடாது, மாற்று விகிதத்தைக் கூட்டிப் போட்டு அதிகமாக எடுப்பார்கள். எப்போதும் அந்த நாட்டுப் பணம்தான். இலங்கையில் 2024 பிப்ரவரியில் இருந்து நம் யு.பி.ஐ. எடுக்கிற கடைகள் உண்டு, ஆனால் மலைப்பக்கம் அதை நம்ப வேண்டாம், கையில் நோட்டு இருக்கட்டும்.

அப்புறம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிற பிள்ளைகளிடம் அங்கேயே டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது, நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசாவே போதும் என்று யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். தாய்லாந்துக்கு என்று சொல்லி மியான்மர் எல்லைக்குக் கடத்திக்கொண்டு போய் இணைய மோசடி வேலை செய்ய வைத்தது, கம்போடியாவில் நடந்தது, எல்லாம் இப்படித்தான் தொடங்கியது. நம் தமிழ்நாட்டுப் பையன்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்கள், அதற்குப் பிறகும் போய் மாட்டுகிறார்கள். வேலைக்கு என்றால் இந்திய அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பார்த்து, வேலை விசாவில்தான் போக வேண்டும்.

தம்மாம் ரிட்டர்ன்

இந்தக் கடைசிப் பத்தியைத் தனியாக எடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள் அண்ணாச்சி. ஒரு தடவை சுயமாக எல்லை தாண்டி வந்த பிள்ளைக்கு விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியும், அதைத்தான் நான் முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்குநேரி வாத்தியார்

சரி தம்பி, கடன் இல்லாமல் என்றால் நான் எதிர்க்கவில்லை. மலேசியாவை விட்டுவிட்டு இலங்கை மட்டும் போகட்டும் என்பது என் கருத்து, இரண்டு நாட்டை அரைகுறையாகப் பார்ப்பதற்கு ஒரு நாட்டை நிதானமாகப் பார்க்கலாம். போகிற முன்னால் மலையகத் தமிழர் வரலாறு, யாழ்ப்பாணம் நூலகம் 1981-ல் எரிக்கப்பட்ட கதை, இதையெல்லாம் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூரும் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்கு நானே வருகிறேன், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அரசாங்கமே 2022-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் துபாய், ஷார்ஜா என்று கல்விச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு அது ஆடம்பரமாகத்தான் பட்டது. ஹட்டன் பேத்தி எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பிள்ளைகள் வந்து என்ன எழுதினார்கள், என்ன படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அம்பைக் கடைக்காரன்

பாஸ்போர்ட்டுக்குத் தங்கை விண்ணப்பம் போட்டுவிட்டாள், அடுத்த வாரம் திருநெல்வேலியில் அப்பாயின்ட்மென்ட். மலேசியாவை இந்தத் தடவை விட்டுவிடுகிறோம், அந்தப் பணத்தில் இலங்கையில் கூடக் கொஞ்ச நாள் இருக்கட்டும். அம்மா கொழும்புக் கடை மாமாவின் பெயரையும் தெருவையும் சொல்லித் தங்கையின் நோட்டில் எழுத வைத்திருக்கிறாள், கண்டுபிடிக்க முடியுமோ என்னவோ. வாத்தியார் அய்யா, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நாகப்பட்டினத்தில் இருந்து கப்பல் விடுகிறார்களே, அதில் போனால் என்ன என்று கேட்கிறாள். நம்பிப் போகலாமா?

மேலப்பாளையம் டிக்கெட் கடை

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கினார்கள், உடனே நின்றது, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓட ஆரம்பித்தது. கடலில் சுமார் நான்கு மணி நேரம், இறங்கினால் யாழ்ப்பாணம் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் சரியில்லை என்று நிறுத்திவிடுவார்கள், அதனால் நவம்பர், டிசம்பரில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மற்ற மாதம் என்றால் போகும்போது கப்பல், யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கி ஹட்டன், கொழும்பு, வரும்போது மதுரைக்கு விமானம், இப்படிப் போட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மலை ரயில் மண்சரிவில் அடிக்கடி நிற்கும், கண்டியில் இருந்து பஸ்ஸும் உண்டு. தேதி முடிவானதும் சொல்லுங்கள், கப்பலில் எத்தனை கிலோ பெட்டி இலவசம் என்று கேட்டுச் சொல்கிறேன்.

ஹட்டன் பேத்தி

தங்கையை எனக்குத் தனிச்செய்தி போடச் சொல்லுங்கள் அண்ணா. சித்தியின் நம்பர் தருகிறேன், ஹட்டனில் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே தங்கிக்கொள்ளலாம். கொண்டுபோக ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கிறது, அம்மா கொடுத்துவிடச் சொல்கிறாள்.